ஒரே பேட்டரி, ஒரே பல்பு

ஜூன் 4, ஞாயிறு

இந்த டைரி லாரி பைனான்ஸ்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக டிவிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. உருவி எடுத்ததும் டிவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு ஒரு மரத்துண்டு வைத்தாயிற்று.

எழுதச் சொன்னது என் அண்ணன் மகள் சுகந்தி. பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத்தில் டீச்சர். செவ்வாய்க்கிழமை சேலத்தில் டாக்டரிடம் போகிறோம், சித்தி எப்படித் தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், என்ன பேசுகிறாள், இந்த மூன்றையும் மட்டும் எழுதி வையுங்கள் சித்தப்பா என்றாள். வாயில் கேட்டால் நீங்கள் அளந்துவிடுவீர்கள் என்று சிரிப்பு வேறு.

நான் அளப்பதில்லை. நடந்ததைக் கொஞ்சம் எடுப்பாகச் சொல்வேன், அவ்வளவுதான். ஏழாவதோடு படிப்பை நிறுத்தினேன். அதற்கு மேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. அதன் பிறகு பரமத்தி ரோட்டில் நாச்சிமுத்து பேட்டரி ஒர்க்ஸ். நாமக்கல் லாரிகளில் பாதி நான் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில்தான் காஷ்மீர் வரை ஓடின. மீதிப் பாதி மறுநாளே கடைக்குத் திரும்பி வந்தன. இப்போது வயதாகிவிட்டது, கடையை வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரி பாவாயிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. தை மாதத்துக்குப் பிறகு பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள், மறுநாள் போடவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தேதி கிழிப்பதில்லை.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது வேறொன்றை. அதை எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நாலு பேர் கூடின இடத்தில் நான் ஒரு கதை சொல்வேன், பாவாயி அதை வெட்டுவாள். அடுப்படியில் இருந்தாலும் காது இங்கேதான். புலி என்றால் பூனை என்பாள். நூறு பேர் என்றால், "மூணு பேருங்க. அதுல ஒருத்தரு நீங்க" என்பாள். ஜனம் சிரிப்பது என் கதைக்கு இல்லை, அவள் வெட்டுக்கு. கடையில் பையன்கள் என்னை ஆசிட் என்றும் அவளை டிஸ்டில் வாட்டர் என்றும் சொல்வார்கள். வெறும் ஆசிட்டை ஊற்றினால் பேட்டரி கெட்டுவிடும், தண்ணீர் கலந்தால்தான் ஓடும்.

போன மாதம் சுகந்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் பாவாயியின் சின்னம்மா மகளுடைய ராசிபுரம் கல்யாணக் கதையைக் கேட்டார்கள். விடியற்கால முகூர்த்தம், ஐப்பசி மழை, கரண்ட் போய்விட்டது, மண்டபமே இருட்டு, நான் பேட்டரி வைத்து விளக்கெரித்துத் தாலி கட்ட வைத்த கதை. பன்னிரண்டு பேட்டரி என்றேன். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். அது அவளுடைய இடம். "ஒரே பேட்டரி, ஒரே பல்பு. அதையும் நாந்தான் கையில புடிச்சிட்டு நின்னேன்" என்று வரவேண்டும். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அப்படித்தான் வந்தது.

நிறுத்தினேன். பாவாயி எதிர்ப் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி, பன்னிரண்டு பேட்டரி என்றேன். இலையைத்தான் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கதையைச் சொல்லி முடித்தேன். முதல்முறையாக என் கதை நான் சொன்னபடியே போய் முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சாப்பாட்டில் கை போகவில்லை. வடை ஊசிப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

தூக்கம்: விடிவதற்கு ரொம்ப முன்பே விழித்துக்கொள்கிறாள். சாப்பாடு: அரை இட்லி. பேச்சு: இல்லை.


ஜூன் 6, செவ்வாய்

சேலம் போய் வந்தோம். டாக்டர் ஒரு அம்மாள், சின்ன வயது. என்னைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டார். என்னோடுதான் அதிக நேரம் பேசினார்.

பாவாயியிடம் மூன்று சொல் சொன்னார்: தாமரை, கத்தி, கிணறு. சித்த நேரம் கழித்துக் கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு கிழமை கேட்டார், மாதம் கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பாவாயி வட்டம் போட்டாள். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பழைய கடிகாரம் சிலது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டருக்கு விளக்கினேன். அந்த மூன்று சொல்லைக் கேட்டபோது பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். நான் தாமரை என்று மெல்லச் சொன்னேன்.

"ஐயா, நான் அம்மாகிட்ட கேக்கறேன்" என்றார் டாக்டர்.

ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் எல்லாம் பார்க்க எழுதினார், தலைக்கு ஸ்கேன் எழுதினார். பிறகு என்னையும் சுகந்தியையும் வைத்துச் சொன்னார். மூளையில் ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல சில ரசாயனங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று செரடோனின். அது குறைந்தால் மனசு இறங்கும், தூக்கம் கெடும், வயதானவர்களுக்கு ஞாபகமும் கூடவே இறங்கலாம். இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், முழுக்கத் தெரியவில்லை என்றார்.

செல் என்றாரா, எனக்கு விளங்கிவிட்டது. பேட்டரியில் ஆறு செல். லாரி கிளம்பவில்லை என்று கொண்டுவருவான். வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று சார்ஜ் இறங்கியிருக்கும், ஏற்றினால் ஓடும். இல்லை, செல் டெட்டாகியிருக்கும், ஏற்றினாலும் நிற்காது. முதலில் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும், அதுதான் தொழில்.

"சார்ஜ் இறங்கியிருக்குதுங்களா, இல்ல செல்லே போயிருச்சுங்களா? அத மட்டும் சொல்லுங்கம்மா" என்றேன்.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "மூளை பேட்டரி இல்லைங்க ஐயா. மனச்சோர்வு, மறதி மாதிரியே வேஷம் போடும். மறதி நோயும் முதல்ல மனச்சோர்வாத்தான் தலைகாட்டும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மாத்திரை குடுத்துப் பார்ப்போம். மனசு ஏறும்போது ஞாபகமும் ஏறுதான்னு பார்க்கணும். ஆறு வாரமாவது ஆகும்."

அதாவது நான் சொன்னதையேதான் அவரும் சொன்னார்.

சார்ஜ்தான் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியும். நான் பார்க்காத பேட்டரியா.


ஜூன் 7, புதன்

மாத்திரை ஆரம்பம். வெள்ளை, உளுந்து அளவு. இதுவா போய் அங்கே வேலை செய்யப்போகிறது.


ஜூன் 12, திங்கள்

சமையல் இப்போது என் கையில். ஊரில் யாருக்கும் வராத பதம் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. அடுப்பில் ஒரு பாத்திரம் கொஞ்சம் கருகியது, அது பாத்திரத்தின் கோளாறு. அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். பாவாயி நாலு வாய் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறதா என்றேன். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் மாரப்பன் வந்தான். கடையில் என்னோடு முப்பது வருடம் இருந்தவன். கடை திறந்த வருடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பாவாயி காதில் விழும்படி, எங்கள் கல்யாணத்துக்கு எட்டு வருடம் முன்பே திறந்துவிட்டேன் என்றேன். திறந்தது கல்யாணத்துக்கு அப்புறம். அவள் தோட்டை அடகு வைத்துத்தான் சார்ஜரே வாங்கினோம். இதற்கு முன்னால் இப்படிச் சொல்லியிருந்தால் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்திருப்பாள்.

மாரப்பன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாரப்பன் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வயிறு சரியில்லையாம்.


ஜூன் 20, செவ்வாய்

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மாத்திரை ஸ்லோ சார்ஜ். அது பாட்டுக்கு ஏறட்டும். நான் கூடவே பூஸ்ட் சார்ஜ் கொடுக்கப்போகிறேன்.

அதாவது, மத்தியானம் சாப்பிட்டதும் அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு கதை. சும்மா கதை இல்லை. பொறுக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக. எவ்வளவு மௌனமாக இருந்தாலும் வெட்டாமல் இருக்க முடியாதபடி. கண்ணில் தூசி விழுந்தால் இமை தானாக மூடுமே, அது மாதிரி. தினமும் அதே ராசிபுரம் கதை. அவளுக்கு ரொம்பப் பிடித்த வெட்டு அது.

இன்று பதினாலு பேட்டரி. தெருவில் பாதிக்கு வெளிச்சம். ஒவ்வொரு தூணிலும் ஆணி அடித்துப் பல்பு மாட்டினேன் என்றேன்.

பேச்சு: இல்லை. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இறங்கிக் கிடக்கும் பேட்டரியில் மீட்டரைக் காட்டினால் முள் ஒரு நூலளவு அசையும். அது மாதிரி.


ஜூன் 28, புதன்

இன்று பதினெட்டு பேட்டரி. தெரு முழுக்க. ஒன்றும் இல்லை.


ஜூலை 5, புதன்

கொல்லையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் பாவாயி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். வாளி நிரம்பி வழிந்து அவள் கால் நனைகிறது. துணி ஒன்றும் போடவில்லை. குழாயை மூடினேன்.

"என்னைய எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, விலை கேட்பது மாதிரி. "நான் எதுக்குங்க இனி. உங்களுக்கும் பாரம்."

பத்து நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான். நான் தமாஷாக, இப்போது எந்த லாரியும் கிடைக்காது, ஸ்ட்ரைக் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் காலைத் துடைத்துவிட்டேன். முன்னதாக வெங்காயம் அரிந்திருந்தேன், அதனால் கண் எரிந்துகொண்டிருந்தது.

சுகந்தியிடம் சொன்னேன். அவள் அப்போதே டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், அம்மாவைத் தனியாக விடாதீர்கள் என்றார். இனி சுகந்தி பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடையிலிருந்து கொண்டுவந்த பழைய ஆசிட் கேன் ஒன்று கொல்லையில் இருந்தது. மாரப்பனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.


ஜூலை 14, வெள்ளி

காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், பாவாயி கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருக்கிறாள். அவளாகவே. நான் ஒன்றும் பார்க்காதவன் மாதிரி துண்டைப் பிழிந்தேன். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தேன்.

மத்தியானம் சாம்பாரில் கையை வைத்துவிட்டு, "புளி பத்தலைங்க" என்றாள்.

புளி பத்தவில்லை. வாஸ்தவம். இனி ஒரு மாதத்துக்குப் புளி குறைத்தே போடலாமா என்று பார்க்கிறேன்.


ஜூலை 23, ஞாயிறு

பேட்டரி ஏறுகிறது. தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். டாக்டர் ஆறு வாரம் என்றார், நான் சொன்ன கணக்கும் அதுதான்.

பாவாயி முழுசாக மூன்று தோசை சாப்பிடுகிறாள். பக்கத்து வீட்டு மல்லிகைக் கொடியில் இந்தப் பக்கம் தொங்கியதை எல்லாம் பறித்துவிட்டாள், அவர்கள் வந்து கேட்டபோது கொடிக்கு என்ன தெரியும் யார் வீடென்று என்று கேட்டாள். டிவியில் ஒருவன் வழுக்கி விழுந்ததற்கு வாய்விட்டுச் சிரித்தாள். சுகந்தி அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். அவளுக்குத் தூசி சேராது.

சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. பீரோ சாவி அரிசி டின்னுக்குள் இருந்தது. முன்பு திருடன் பயத்துக்கு அப்படி வைப்பது உண்டு. சுகந்தியை மரகதம் என்று கூப்பிட்டாள். மரகதம் சுகந்தியின் அம்மா, என் அண்ணி, இறந்து ஆறு வருடம். சுகந்தி அப்படியே அண்ணி ஜாடை, யாருக்கும் தடுமாறும். காலையில் மாத்திரை போட்டாயா என்றால் போட்டேன் என்கிறாள், மாத்திரை கையிலேயே இருக்கிறது. இதெல்லாம் எனக்கும் நடப்பதுதான்.

கதையை நான் விடவில்லை. இப்போது கேட்கிறாள், கன்னத்தில் கை வைத்து நன்றாகவே கேட்கிறாள். வெட்டுத்தான் இன்னும் வரவில்லை. கூட்டம் இருந்தால் வரும். அவளுக்குக் கூட்டம் வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் போகப்போகிறோம், மாரப்பன் குடும்பமும் வருகிறது.


ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. மோகனூரில் காவிரி நிறைய இருந்தது என்றால் நிறைய. இந்த வருடம் மாதிரி நான் பார்த்ததே இல்லை. போன வருடமும் இப்படித்தான் இருந்தது.

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, மூன்றும் என் கைப்பாகம். பாவாயி புதுச் சேலை கட்டியிருந்தாள். காப்பரிசி வைத்துக் கும்பிட்டாள், மாரப்பன் வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். ஒரு கயிறும் தப்பாகப் போகவில்லை. முடிச்சுப் போட்ட கை பழைய கைதான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சாப்பிட்டு முடித்து மர நிழலில் உட்கார்ந்தோம். மாரப்பனின் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள், பதினைந்து பேருக்குக் குறையாது. மாரப்பன்தான் கேட்டான். "ஏப்பா நாச்சி, அந்த ராசிபுரம் கதையச் சொல்லு, இவங்க கேட்டதில்ல" என்று. அவனுக்கும் அதே நினைப்புத்தான்.

நன்றாகச் சொன்னேன். மழையைக் கொட்டவிட்டேன். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வலையைக் காற்றில் பிய்த்தேன். புரோகிதர் இருட்டில் தடவினார், மாப்பிள்ளைக்குப் பதில் மாமனார் கையைப் பிடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பதினெட்டு பேட்டரி என்றேன். தூணுக்குத் தூண் பல்பு மாட்டினேன், தெருவே பகல் மாதிரி ஆகிவிட்டது என்றேன்.

நிறுத்தினேன்.

பாவாயி நிமிர்ந்தாள். அந்தப் பழைய முகம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதட்டோரத்தில் சிரிப்போடு. மாரப்பன் என் தொடையைத் தட்டினான்.

"ஆமாங்கண்ணா" என்றாள் பாவாயி. "பதினெட்டுப் பேட்டரி. தெருவே பகலாட்டம் இருந்துச்சு. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

சம்பந்தி வீட்டாருக்கு ஆச்சரியம். உண்மையா அம்மா, நாங்கள் புளுகு என்றல்லவா நினைத்தோம் என்றார்கள். அவள், சத்தியமா என்றாள்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். "அப்ப நீ எங்க இருந்தே புள்ள?"

"நானா?" யோசித்தாள். "ஜனத்தோட ஜனமா நின்னு பாத்துட்டு இருந்தனுங்க."

தயிர்ச்சோறு வெயிலுக்குப் புளித்துவிட்டது. ஆற்றில் கொட்டிவிட்டு வந்தோம்.


ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்று கதை சொல்லவில்லை.


ஆகஸ்ட் 9, புதன்

டாக்டரிடம் போனோம். பாவாயி சிரித்துப் பேசினாள், டாக்டருக்கு மல்லிகைப்பூ கொடுத்தாள். மனசு நன்றாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பிறகு அதே பரீட்சை, வேறு மூன்று சொற்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. பாவாயி என்னைப் பார்த்தாள், நான் என் செருப்பைப் பார்த்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. கடிகாரத்தில் இந்தத் தடவை எண்களும் இல்லை, ஒரு பூ வரைந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது.

சுகந்தி அவளை வெளியே அழைத்துப்போனாள். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது என்றார். மனச்சோர்வு மாத்திரைக்கு அடங்கியது, அது பெரிய விஷயம், அதனால் அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. மறதி வேறு, அது அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு அந்தச் செரடோனின், ஞாபகம் போவதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிடுகிறது, மனச்சோர்வு முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது, பின்னால் இது வருகிறது. வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, திருப்பிக் கொண்டுவர இல்லை.

நான் அதற்கு மேல் பேட்டரி பேசவில்லை. பதினெட்டு பேட்டரி விஷயத்தை மட்டும் சொன்னேன். தினமும் சொன்னேன், வெட்டுவாள் என்றுதான் சொன்னேன், அவள் அதையே பிடித்துக்கொண்டாள், நான்தான் கெடுத்தேனா என்று கேட்டேன்.

"நோய் உங்களால வரலைங்க ஐயா" என்றார். "அது வந்துட்டுதான் இருந்தது. ஆனா, இடம் காலியாகறப்ப தினமும் எதக் கேக்கறாங்களோ அது போய் உக்காந்துக்கும். அவங்களச் சோதிக்காதீங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்க, போதும்."

பிறகு, நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். நான் கட்டை மாதிரி தூங்குவேன் என்றேன். எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.


ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூஸ்ட் சார்ஜ் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அவசரக்காரனுக்குக் கொடுப்பது. வண்டி உடனே கிளம்பும், ஆனால் உள்ளே சூடேறிப் பிளேட் உதிரும், பேட்டரியின் ஆயுள் குறையும். கடைப் பையன்களுக்கு இதைத்தான் நான் முதல் பாடமாகச் சொல்வேன்.

நடந்தபடி சொல்லுங்கள் என்றார் டாக்டர். சரி என்று காலையில் உட்கார்ந்து யோசித்தேன். கண்ணை மூடினால் எனக்கே தெரு பகலாக இருக்கிறது. தூணுக்குத் தூண் பல்பு. அத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் யாரிடம்? மணப்பெண் பாவாயியின் சின்னம்மா மகள், போய்ச் சேர்ந்துவிட்டாள். மாப்பிள்ளையும் இல்லை. மாரப்பன் அதற்கு அப்புறம் வந்தவன்.

கடைசியில் ஒரு வழிதான் இருந்தது. பாவாயி வெட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அவள் குரலை வைத்து ஒவ்வொரு பேட்டரியாக எடுத்தேன். ஒரே பேட்டரி. ஒரே பல்பு. ஈரத் துணி. நடந்தது எனக்கு அவள் குரலில்தான் தெரியும். வேறு எந்தக் குரலிலும் தெரியாது.

மத்தியானம் வரைக்கும் ஆனது. சோறு வைக்க நேரமில்லை, ஓட்டலில் வாங்கினேன்.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

வாசல்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தோம். நான் ஒன்று உரிப்பதற்குள் பாவாயி நாலு உரிக்கிறாள், அது விரல்களுக்கு மறக்கவில்லை. நடுவில் நிறுத்தி வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் எட்டணா அளவில் ஒரு வெளுத்த தழும்பு.

"இது என்னங்க? எப்ப ஆச்சு?"

நான் காயைக் கீழே வைத்தேன்.

சொன்னேன். ராசிபுரத்தில் உன் சின்னம்மா மகள் கல்யாணம். நான் ஒரு லாரி ஓனரோடு வந்தவன், உனக்கு என்னைத் தெரியாது. கரண்ட் போனது, பெட்ரோமாக்ஸ் மேண்டில் காற்றில் கிழிந்தது. லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தேன், ஒன்று. ஹெட்லைட் பல்பு, ஒன்று. ஹோல்டர் இல்லை, இரண்டு ஒயரையும் பல்பில் அழுத்திப் பிடித்தால்தான் எரியும். நான் பேட்டரிப் பக்கம் ஒயரைப் பிடித்திருந்தேன். அந்தப் பக்கம் பிடிக்க ஆள் கேட்டேன், ஷாக் அடிக்கும் என்று ஆண்கள் எல்லாம் பின்னால் போனார்கள். நீ வந்தாய். பச்சைத் தாவணி. ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்தாய். துணி சீக்கிரம் காய்ந்துவிட்டது.

"சுட்டிருக்குமே" என்றாள்.

"சுட்டுச்சு. நீ விடல. தாலி கட்டி முடிச்சு, மூணாவது முடிச்சும் போட்ட பின்னாலதான் விட்டே. மணவறை மட்டுந்தான் தெரிஞ்சுது. மணவறையும் உன்ற மூஞ்சியும்."

பாவாயி கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெருவெல்லாம்?"

"தெரு இருட்டுத்தான்."

"பதினெட்டுப் பேட்டரி?"

"ஒண்ணு."

பிறகு கண்ணைச் சுருக்கினாள். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"பொய் சொல்றீங்க" என்றாள். "நானாவது, நெருப்பாட்டம் சுடற பல்பக் கையில புடிக்கறதாவது. எதையும் பெருசு பண்ணாம உங்களுக்குச் சொல்ல வராதுங்க."

ஒரு அவரைக்காயை என் மேல் எறிந்தாள். தோளில் பட்டு விழுந்தது. நான் எடுத்து நார் உரித்தேன். கண் உறுத்தியது. காற்றில் தூசி.


ஆகஸ்ட் 27, ஞாயிறு

மாரப்பன் வந்திருந்தான். நானாகவே ராசிபுரம் கதையை எடுத்தேன். அவன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். நான் சொன்னேன், நடந்தபடி. மழை சாதாரண மழைதான். புரோகிதர் யார் கையையும் மாற்றிப் பிடிக்கவில்லை. ஒரே பேட்டரி, ஒரே பல்பு, அதைப் பாவாயிதான் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள் என்றேன்.

அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பாவாயி கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள்.

"நம்பாதீங்கண்ணா" என்றாள். "இவரு வாயத் தொறந்தா புளுகு."

மாரப்பன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் சிரித்தேன். கதையில் ஒன்றையும் கூட்டவில்லை.

தூக்கம்: நன்று. சாப்பாடு: மூன்று தோசை, அவரைக்காய்ப் பொரியல். பேச்சு: உண்டு.